மேடேறி வந்த வாடை

அன்றைக்கு லாண்டரிக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் லாண்டரியம்மாளின் தம்பி. பேச்சு பிடிக்காவிட்டால் சட்டென்று எழுந்து போகத் தோதான இடம். சோப்புத்தூள் மூட்டைமேல் பன்னுக்காரர், தெரு நடுவில் பேக்கரி வைத்திருப்பவர். அவர் எழுந்தால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அது கடை மாவா, லாண்டரிச் சோப்பா என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது. கவிழ்த்துப் போட்ட துணிக்கூடைமேல், மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்த பெண். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, லாண்டரியம்மாளின் வீட்டுக்காரர். அவர் உட்காரவில்லை. தனக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆள் லாண்டரியம்மாள். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில், அலசுகிற தொட்டியின் விளிம்பில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தாள்.

வெளியே தூறல். விழுகிறதா நிற்கிறதா என்று தெரியாத பொடித் தூறல். மெஷின்கள் ஓடாத லாண்டரி எப்படி இருக்கும் என்று அவளுக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. கொடியில் காய்கிற படுக்கை விரிப்பு ஒன்று யாரோ பெருமூச்சு விட்டாற்போல உப்பி அடங்குகிறது. அதற்குள்ளேயே, எல்லாவற்றுக்கும் அடியில், அந்த வாடை. தித்திப்பான, தலையைக் கிறுகிறுக்க வைக்கிற பெட்ரோல் வாடை.

கிணற்றில் மிதப்பது யார் பெட்ரோல் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தால், தன் புருஷன் கள்ளனா இல்லையா என்பதும் கூடவே தெரிந்துவிடும். லாண்டரியம்மாள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள், பிழிய ஒன்றும் இல்லாமலே.

அந்தத் தெரு ஒரு சரிவு. மேட்டு முனையில் மூடிக்கிடக்கும் லாரி ஷெட். அதற்கு அடுத்தது லாண்டரி, பின்கட்டில் கிணறு. பாதிச் சரிவில் பேக்கரி. அடிவாரத்தில் தம்பியின் பெட்ரோல் பங்க். அதையும் தாண்டினால் ஓடையும், அடிகுழாயை நம்பியிருக்கும் சிறு வீடுகளும்.

வீட்டுக்காரர் முன்பு அந்த பங்க்கில்தான் இருந்தார். காலையில் முதல் ஆளாகப் போய், தரைக்கடியில் இருக்கும் டேங்குக்குள் அளவுகோலை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மனிதர் எதிலும் ஒரு நேர்த்தி. பேன்ட்டில் மடிப்பு கலைந்திருந்தால் தெருவில் இறங்க மாட்டார். அதனாலேயே பங்க் பையன்கள் அவருக்கு 'மடிப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த மடிப்புதான் ஒரு நாள் கோலைத் துடைத்துக்கொண்டே, "மாப்ளே, விக்கிற கணக்குக்கும் கோல் காட்டுறதுக்கும் ஒத்து வரல. குறையுது" என்று சொன்னார். வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் என்றான் தம்பி. மறுபடியும் குறைந்தது. மறுபடியும் சொன்னார். கடைசியில் ஒரு நாள் தம்பி, வண்டிகள் வரிசையில் நிற்க, பையன்கள் பார்த்திருக்க, "கோல் உங்க கையில, சாவி உங்க கையில. குறையுதுன்னு சொல்றதும் நீங்களே. எல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கும். சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க மாமா" என்றான்.

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தாராம். தெரு வழியே ஏறி வராமல், பின் சந்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். அன்றையிலிருந்து தெருவின் கீழ்ப்பாதி அவருக்கு இல்லாமல் போயிற்று. ரொட்டி வாங்கக்கூட இறங்க மாட்டார்.

"நீங்க எடுத்தீங்களா?" என்று லாண்டரியம்மாள் கேட்கவில்லை. "நான் எடுக்கல" என்று அவரும் சொல்லவில்லை. கேட்டுவிட்டால் கேட்டது போகாது என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தச் சட்டைகள்.

பங்க்கை விட்டுப் பல மாதம் ஆன பிறகு, ஒரு காலையில் அவர் சட்டையை மடித்துவைக்கும்போது மூக்கில் ஏறியது. பெட்ரோல். துவைத்துக் காய்ந்த சட்டையில் பெட்ரோல். எங்கே பதுக்கி வைத்திருக்கிறார்? யாருக்கு ஊற்றிக்கொடுக்கிறார்? மனிதர் வாசற்படி தாண்டுவதே இல்லையே? வாய் திறந்து கேட்க முடியாததை அவள் தண்ணீரிடம் கேட்டாள். அவர் சட்டைகளை மட்டும் தனியாகப் போட்டாள். ஒரு அலசு, இன்னொரு அலசு, போதாமல் இன்னொன்று. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அலச அலச வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு ஊறிப்போகிற அளவுக்கா எடுத்தார் இந்த மனுஷன் என்று மனசுக்குள் நொந்துகொண்டே, மறுபடியும் மோட்டாரைப் போட்டாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்பு மூட்டை திரும்பி வந்தது. கொண்டுவந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, துணியைத் தண்ணியில துவைச்சீங்களா பங்க்ல துவைச்சீங்களா?" என்றான். லாண்டரியம்மாள் மூட்டையைப் பிரித்து, முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். விரிப்பில், துவாலையில், டாக்டர் கோட்டில், எல்லாவற்றிலும் அதே வாடை. பிழைப்பே போகப்போகிறது, அழவேண்டிய நேரம். அவளுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா, எல்லாத் துணியும் நாறுகிறது! அவர் சட்டை மட்டுமில்லை!

அலுவலகத்துக்கு அவளே எழுதிப்போட்டாள். அப்படி வந்தவள்தான் இந்தப் பெண். பத்துப் பொருத்தமும் பார்ப்பவளைப்போல ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும் குனிந்து முகர்ந்ததால் தெரு அவளுக்கு மோப்பக்காரி என்று பேர் வைத்தது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் தட்டி, "மோப்பக்காரி வந்திருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டு வருவாள்.

தம்பி முதல் நாளே வந்து சட்டம் பேசினான். "மேல லாரி ஷெட் இருக்கு. எத்தனை வருஷம் ஆயில் கொட்டினானுங்க. அங்கருந்துதான் இறங்கி வருது. என் பங்க் கீழ இருக்கு. பெட்ரோல் என்ன ஆட்டுக்குட்டியா, துள்ளித் துள்ளி மேட்டுல ஏற?"

தெருவே சிரித்தது. நியாயம்தானே என்றும் சொன்னது.

மோப்பக்காரி சிரித்துவிட்டு, தெரு நெடுகத் துளை போட ஆரம்பித்தாள். சின்னத் துளைபோடும் வண்டி ஒன்று முக்கி முனகிக்கொண்டு நின்றது. மண், கண்ணாடிக்குழாய் போன்ற ஒன்றுக்குள் நீளநீளமாக ஏறி வந்தது. அதைப் பின்கட்டில் பழைய விரிப்பின்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். மேலே செம்மண், அடுத்தது மஞ்சள் மணல், அதற்கும் கீழே சாம்பல் பூத்த, பச்சை கலந்த ஒரு நிறம். தெரு என்றால் மேலே நடப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்த லாண்டரியம்மாளுக்கு, அதன் அடிவயிற்றைப் பார்த்ததும் கூச்சமாக இருந்தது.

மோப்பக்காரி ஒரு கட்டி மண்ணை உடைத்து பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தாள். பிறகு ஒரு கருவியின் மூக்கைப் பையில் குத்தினாள்.

"என்னம்மா, மண்ணை அவிக்கிறியா?" என்றார் பன்னுக்காரர்.

"கொஞ்சம் சூடானா மண்ணு மூச்சு விடும் அண்ணே. அந்த மூச்சை இது பிடிச்சுக்கும்."

"எங்க கடை மாவும் அப்படித்தான். வெயில்ல வெச்சா உப்பிக்கிட்டு மூச்சு விடும்."

"உங்க கடையைத்தான் அடுத்தது பார்க்கணும். கீழறையில வாடை வருதுன்னீங்களே."

பார்த்துவிட்டு வந்தவள், அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது என்று கையோடு சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து தெருவில் பன் வாசமும் இல்லை. பன்னுக்காரர் போக்கிடம் இல்லாமல் லாண்டரிச் சோப்பு மூட்டைமேல் வந்து உட்கார ஆரம்பித்ததும் அப்போதுதான்.

எல்லாவற்றையும்விட லாண்டரியம்மாளுக்குப் பிடித்தது அந்த நாடா. டெய்லர் நாடாபோல நீளமானது, முனையில் ஒரு குண்டு. துளைக்குள் மெதுவாக இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் விடாமல் கத்தும். அதையும் தாண்டித் தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டுக் கத்தும். பேக்கரி வாசல் துளையில் இறக்கியபோது அவளும் பக்கத்தில் குந்தியிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. இருட்டு. பிறகு எங்கோ பாதாளத்திலிருந்து, தொட்டிலில் இருக்கும் குழந்தை சிணுங்குவதுபோல ஒரு நீண்ட சத்தம்.

"தண்ணி எங்கயாவது போகுமாம்மா அடியில? இல்ல, கிடக்குற இடத்துலயே கிடக்குமா?"

"போகும்க்கா. ஆனா அவசரமே கிடையாது அதுக்கு. நாம ஒரு எட்டு வெக்கிற தூரத்தைப் போக அதுக்கு எத்தனையோ நாள் ஆகும்."

அன்று மத்தியானம் துணி மூட்டைமேல் சாய்ந்தவள் கண்ணசந்துவிட்டாள். கனவா நினைப்பா என்று தெரியவில்லை. தெருவுக்கடியில் தண்ணீர் நடந்துகொண்டிருந்தது. கரண்டு போன வீட்டில் சுவரைத் தடவித் தடவி நடப்பவர்களைப்போல, ஒவ்வொரு மணலாகத் தொட்டுப் பார்த்து நடந்தது. அதன் தோள்மேல் வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய துண்டு. பேக்கரிக்கு அடியில் கொஞ்சம் நின்றது. யார் வீடு என்று விசாரிப்பதுபோல நின்றது. பிறகு மேட்டைப் பார்த்து ஏறத் தொடங்கியது.

திடுக்கிட்டு விழித்தபோது மெஷின் ஒன்றும் ஓடவில்லை. மோப்பக்காரி கிணற்றடியில் நின்று, "அக்கா, மோட்டாரை நிறுத்திட்டேன். நாளைக்கு மறுபடி போடுவேன். நிறுத்தினா மட்டம் எப்படி, போட்டா எப்படின்னு பார்க்கணும்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மோப்பக்காரி கூடையிலிருந்து எழுந்து, "அக்கா, ஒரு வெள்ளை விரிப்பு குடுங்க. சொட்டு நீலம் இருக்குல்ல?" என்றாள்.

காலியாகக் கிடந்த மடிக்கும் மேசையின் ஒரு பக்கக் காலுக்குக் கீழே செங்கல் வைத்துச் சரித்தாள். நனைத்த விரிப்பை அதன்மேல் பரப்பி, தாழ்ந்த ஓரத்தை ஒரு தட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டாள்.

"இதுதான் நம்ம தெரு. மேல இங்க லாண்டரி. கீழ பங்க்." பங்க் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு நீலம் வைத்தாள். நீலம் மெல்லக் கீழ்ப்பக்கம் கசிந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் தம்பி. "கீழதான் போகுது."

"இருங்க சார்." லாண்டரி இருக்கும் இடத்தில் ஒரு காய்ந்த துவாலையைச் சுருட்டி அழுத்தினாள். ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு இன்னொரு காய்ந்த துவாலை. அது நனைந்ததும் இன்னொன்று. பன்னுக்காரர்கூட எழுந்து வந்து பார்த்தார். நீலம் தயங்கியது. நின்றது. பிறகு பூனைக்கால் வைத்து மேலே வர ஆரம்பித்தது. பேக்கரியைத் தொட்டது. துவாலையைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது.

"இந்தத் துவாலைதான் உங்க மோட்டார்க்கா. தண்ணியை இழுக்க இழுக்கக் கிணத்தைச் சுத்தி மட்டம் இறங்கிப்போகுது. மேல தெரு எப்படிச் சரிஞ்சாலும், அடியில சரிவு உங்க கிணத்தைப் பார்த்துத் திரும்பிடுச்சு. அதிகமா அலச அலச, அதிகமா இழுத்திருக்கீங்க."

"அப்போ என் கடை?" என்றார் பன்னுக்காரர்.

"வர்ற வழியில இருக்கு."

"அடப்பாவி. இவங்க வீட்டு விருந்தாளி என் கீழறையில தங்கிட்டுப் போயிருக்கான். ஒரு பன்கூட வாங்கல."

தம்பியின் முகம் இறுகியது. "ஷெட் ஆயிலா இருக்கக் கூடாதா?"

"அது கருப்பு, கனமான எண்ணெய் சார். ஷெட்டுக்குள்ளயே மண்ணுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. கிணத்துல இருக்கிறது பெட்ரோல். உங்க டேங்க் பக்கத்துத் துளையில நாடாவை விட்டா, எண்ணெய்ல தொட்ட சத்தம் நிக்கவே மாட்டேங்குது. நேத்து தோண்டிப் பார்த்துட்டோம். டேங்குலருந்து கிளம்புற குழாயோட மூட்டு விட்டிருக்கு. ரொம்ப நாளாவே சொட்டியிருக்கு."

அப்போதுதான் கருகல் வாடை வந்தது.

"என்னங்க, இஸ்திரி!" லாண்டரியம்மாள் பாய்ந்தாள்.

வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார். தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டியின் அடி பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. வாழ்நாளில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தீய்க்காத மனிதர். அந்தத் தடத்தை விரலால் தடவினார். திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது.

லாண்டரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு ஏதோ.

"எல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கும்னு சொன்னியேடா. சரியாத்தான் சொல்லியிருக்க. ஒரு சொட்டு விடாம வந்து சேர்ந்துடுச்சு. வழியெல்லாம் விசாரிச்சுக்கிட்டு, மேடேறி வந்துடுச்சு."

தம்பி வாசலைப் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

மோப்பக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும்க்கா. நீங்க மோட்டாரை ஒரேயடியா நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா எல்லாம் பழையபடி கீழ திரும்பிடும். கீழ அடிகுழாய் இருக்கு. குழந்தைங்க குடிக்கிற தண்ணி. இத்தனை நாள் அதைக் கீழ விடாம பிடிச்சு வெச்சிருந்ததே உங்க கிணறுதான், உங்களுக்கே தெரியாம. இனியும் அது பிடிச்சு வெக்கணும். இழுக்குற தண்ணியை நாங்க தொட்டியில விட்டுச் சுத்தம் பண்ணிக்குவோம். ஆனா அந்தத் தண்ணியில இனிமே ஒரு கர்ச்சீப்கூட அலசக் கூடாது."

"எத்தனை காலத்துக்கு?"

"வருஷக்கணக்கா ஆகலாம்க்கா."

கிணறு இல்லாத லாண்டரி. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வேறு யார் தொட்டிக்கோ போகும். அவள் பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். தூறலில் கிணற்றுச் சுவர் கருத்து, குளித்துவிட்டு நிற்பதுபோல நின்றது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். யார் வீட்டுக் குழந்தையோ அடிகுழாயைத் தொங்கித் தொங்கி அடிப்பது கண்ணுக்குள் வந்து நின்றது.

"பேப்பர் எடுங்க" என்றாள் கடைசியில்.

கிணற்றை ஒப்படைப்பதற்கு அவள் பக்கத்திலிருந்தும், டேங்க்கைக் காலி செய்வதற்குத் தம்பி பக்கத்திலிருந்தும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதினால் போதும் என்றாள் மோப்பக்காரி. லாண்டரியம்மாளின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். பெறுநர், பொருள் எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்தாள்.

"குறைவு முதல்ல எப்போ தெரிஞ்சதுன்னு எழுதணுமாம்டா."

"போன மழைக்கு அப்புறம்னு போடு" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"சார், அதை வெச்சுத்தான் எவ்வளவு தூரம் தேடணும்னு முடிவு பண்ணுவோம்" என்றாள் மோப்பக்காரி. "கம்மி பண்ணிச் சொன்னா பக்கத்துலயே தேடிட்டு விட்டுடுவோம். உண்மையைச் சொன்னா உங்களுக்குத் தண்டனை கூடும். அதையும் மறைக்க மாட்டேன்."

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. கைப்பிடித்து லாண்டரியம்மாள் எழுதக் கற்றுக்கொடுத்த தம்பி. இப்போது அவள் எழுதுவதற்கு அவன் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பி எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. இஸ்திரி மேசைவரை வந்து, தீய்ந்த தலையணை உறையை எடுத்து, பழுப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழுதுக்கா. மாமா சாவியைக் குடுத்துட்டுப் போனாரே, அதுக்கும் முந்தின மாசம்."

"ஆபீசுக்கு உன் மாமாவைத் தெரியுமாடா? மாசத்தைச் சொல்லு."

அவன் மாசத்தையும் வருஷத்தையும் சொன்னான். அவள் எழுதினாள்.

"இன்னும் ஒரு வரி போடுக்கா. குறையுதுன்னு கண்டுபிடிச்சு முதல்லயே சொன்னவர், காலையில கோல் விட்டுப் பார்த்த என் மாமா. நான்தான் கேட்கல. எந்த ஊர்ல போய் வேணும்னாலும் இதைச் சொல்றேன்."

"இது ஆபீசுக்குத் தேவையில்லாத விஷயம்" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

"தேவைதான் சார்" என்றாள் மோப்பக்காரி, பையை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டு.

லாண்டரியம்மாள் அந்த வரியையும் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தபாலில்தான் போகவேண்டும், தன் கையில் வாங்கினால் தானே எழுதவைத்ததாகச் சொல்வார்கள் என்றாள் மோப்பக்காரி. பன்னுக்காரர் தன் கடைக்கு ஓடி ஓர் உறை கொண்டுவந்தார். ஈரக் காற்றில் உறையின் பசை ஒட்டவில்லை. எச்சில் தொட்டும் ஒட்டவில்லை.

"இப்படிக் குடு" என்று வீட்டுக்காரர் வாங்கினார். கடிதத்தை விரித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த மறுபடி மடித்தார். உறைக்குள் வைத்து, ஆறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியால் மடிப்பின்மேல் ஒரு இழுப்பு. உறை சிக்கென்று ஒட்டிக்கொண்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்தவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு சட்டைக்கு அவ்வளவு நேரம் மோட்டார் ஓடும்போதே நெனச்சேன், உனக்கும் சந்தேகம்தான்னு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான்..."

"விடு. இனிமே என் சட்டையையும் மத்ததோட சேர்த்துப் போடு. போதும்."

அவள் தலையாட்டினாள். எந்தத் தண்ணீரில் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தபால்பெட்டி தெருவின் அடிவாரத்தில், பங்க்குக்கு எதிரே இருந்தது. பன்னுக்காரர் கை நீட்டினார். வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. உறையைச் சட்டைப் பைக்குள் வைத்து, பேன்ட் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு, வாசலுக்கு வந்தார். பழக்கத்தில் கால் பின் சந்துப் பக்கம் திரும்பியது. நின்றது.

"மாப்ளே, குடை இருக்கா?"

தம்பி குடையை விரித்துப் பிடித்தான். இரண்டு பேரும் தூறலுக்குள் சரிவில் இறங்கினார்கள். குடை முக்கால்வாசி மாமா பக்கமே சாய்ந்திருந்தது.

லாண்டரியம்மாள் பின்கட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் மோப்பக்காரியின் தொட்டிக்குள், வானவில்லைச் சுமந்துகொண்டு விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்க வழியில்லை. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அடிவாரத்தில் தபால்பெட்டியின் இரும்பு நாக்கு ஒருமுறை திறந்து மூடியது அவளுக்குக் கேட்டது.